ஏறிய சூடு ஆறுவதற்குள் குதிக்க வேண்டும்: நீச்சல் போட்டிக்கும் பயிற்சிக்கும் வார்ம்-அப், ஸ்ட்ரெச்சிங்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தேன். காலை ஆறரைக்கே குளத்தைத் திறந்துவிட்டார்கள். நானும் ஆசை தீர எண்ணூறு மீட்டர் நீந்தினேன், கை கால் எல்லாம் எண்ணெய் போட்ட கீல் மாதிரி இருந்தது. என்னுடைய 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் வந்தபோது மணி பத்தே முக்கால். நடுவில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஈர டிரங்க்ஸோடு சிமென்ட் படியில் உட்கார்ந்து பையன்களோடு அரட்டை, போதாக்குறைக்கு இரண்டு செட் பூரி. பிளாக்கிலிருந்து (பந்தயம் தொடங்கும்போது ஏறி நின்று பாயும் மேடை) குதித்த பத்தாவது மீட்டரிலேயே தெரிந்துவிட்டது, கை என் கையாகவே இல்லை. பயிற்சியில் சாதாரணமாகப் போடும் நேரத்தைவிட மூன்று வினாடி கூடுதல். "வார்ம்-அப் பண்ணியாடா?" என்று கேட்டார் கோச். "பண்ணேன் சார்." பொய்யில்லை. ஆறரை மணிக்குப் பண்ணியதைப் பத்தே முக்காலுக்குள் உடம்பு மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது நான் குளக்கரையில் நிற்பது சின்னப் பிள்ளைகளோடும், நாற்பது தாண்டிய மாஸ்டர்ஸ் நீச்சல்காரர்களோடும். இரண்டு கூட்டமும் அதே தவறைத்தான் செய்கிறது. வார்ம்-அப்பில் எத்தனை மீட்டர் நீந்தினோம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அது முடிந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று யாரிடமும் கணக்கில்லை. இந்த வழிகாட்டியில் ஸ்ட்ரெச்சிங், தரைப் பயிற்சி, தண்ணீரில் என்ன நீந்துவது எல்லாமே வரும். ஆனால் நான் அதிக நேரம் நிற்கப்போவது தண்ணீரை விட்டு ஏறியதற்கும் பிளாக்கில் ஏறுவதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

தசையின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 2 முதல் 5 சதவீதம் கூடும் என்று விளையாட்டு உடலியலில் பொதுவாகச் சொல்வார்கள். சூடான தசை வேகமாகச் சுருங்கும், நரம்புச் செய்தி வேகமாகப் போகும், ரத்தம் ஆக்சிஜனைத் தசைக்கு எளிதாக விட்டுக்கொடுக்கும். இயங்க ஆரம்பித்த முதல் 3 முதல் 5 நிமிடத்தில் தசைச் சூடு மளமளவென்று ஏறும், 10 முதல் 20 நிமிடத்துக்குள் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் நீந்தினால் சூடு ஏறாது, களைப்புதான் ஏறும்.

சரி, நிறுத்தினால்? 15, 20 நிமிடத்தில் ஏறியதில் பெரும்பங்கு இறங்கிவிடும். நீச்சலுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. போட்டிக் குளத்துத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக நீச்சல் கூட்டமைப்பான வேர்ல்டு அக்வாடிக்ஸின் விதி, நம் உடம்போ 37 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். மேலே ஏறிய பிறகும் தோலிலும் துணியிலும் ஒட்டியிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போது மிச்சச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் ஈர டிரங்க்ஸோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் குளிர்கிறது. சென்னையில் என்ன குளிர் என்று கேட்பவர்கள் மார்கழி மாதம் காலை ஆறு மணிக்குத் திறந்தவெளிக் குளத்திலிருந்து ஏறி, காற்றில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும்.

ஸ்ட்ரெச்சிங் என்ற குழப்பம்

வார்ம்-அப் என்றாலே ஸ்ட்ரெச்சிங் என்று நம்மில் பலர் பள்ளி பி.டி. பீரியடிலேயே கற்றுக்கொண்டுவிட்டோம். குனிந்து கால் விரலைத் தொட்டு முப்பது எண்ணுவது, கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி இழுத்துப் பிடிப்பது, இதெல்லாம் அசையாமல் பிடித்திருக்கும் ஸ்ட்ரெச். குளிர்ந்த தசையை இப்படி நீட்டினால் அது சூடாகாது. ஒரே தசையை 60 வினாடிக்கு மேல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே குதித்தால் கொஞ்ச நேரத்துக்கு அதன் பலமும் சட்டென்று பாயும் வேகமும் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 30 வினாடிக்குள் என்றால் பெரிய பாதிப்பு இல்லை. ஆகவே எங்காவது இறுக்கமாக இருந்தால் 10, 15 வினாடி நீட்டிவிட்டுப் போங்கள், பரவாயில்லை. ஆனால் பந்தயத்துக்கு முன் ஸ்ட்ரெச்சிங் என்றால் அசைந்துகொண்டே செய்வது: கையைச் சுழற்றுவது, காலை வீசுவது, இடுப்பைத் திருப்புவது. நீட்டிப் பிடிப்பதெல்லாம் பயிற்சி முடிந்த பிறகு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஒரு பிள்ளையை உட்கார வைத்து, இன்னொரு பிள்ளை பின்னால் நின்று அதன் இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் சேர்த்து இழுப்பது. போட்டி நடக்கும் இடத்தில் இதை இன்றைக்கும் பார்க்கலாம், ஒன்றின் முழங்கை மற்றதைத் தொட்டுவிட்டால் கைதட்டல் வேறு. நீச்சல்காரரின் தோள் மூட்டு ஏற்கெனவே தேவைக்கு மேல் தளர்ந்த ஒன்று. மூவாயிரம் மீட்டர் ஃப்ரீஸ்டைல் பயிற்சியில், 25 மீட்டருக்கு 20 வீச்சு என்று வைத்தால்கூட, ஒவ்வொரு தோளும் 1200 தடவை சுழல்கிறது. அந்த மூட்டை முன்பக்கம் பிடித்துவைத்திருக்கும் சவ்வை இன்னும் இழுத்துத் தளர்த்துவது நல்லதற்கில்லை. தோளுக்கு வேண்டியது பிடிப்பு. நீளத்தைத் தேட வேண்டுமானால் கணுக்காலிலும் முதுகின் நடுப்பகுதியிலும் தேடுங்கள், அங்கேதான் பெரும்பாலானவர்களுக்கு இறுக்கம்.

முதல் படி: வீட்டிலிருந்து கிளம்பும் முன்

இது சின்ன விஷயம். பந்தயத்துக்கு 2, 3 மணி நேரம் முன்னால் இட்லி மாதிரி எண்ணெய் இல்லாத சாப்பாடு, பிறகு தேவைப்பட்டால் ஒரு வாழைப்பழம். பூரியின் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பையில் என்ன இருக்க வேண்டும் என்றால், இரண்டு துண்டு, மாற்று டிரங்க்ஸ் அல்லது காஸ்ட்யூம், உலர்ந்த டி-ஷர்ட், டிராக் பேன்ட், ஒரு ஜாக்கெட், சாக்ஸ், செருப்பு, ரப்பர் பேண்ட் (தலைமுடிக்கு இல்லை, உடற்பயிற்சிக்கு விற்கும் நீளமான ரப்பர் பட்டை), இன்னொரு காகிள்ஸ். சாக்ஸைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இரண்டாம் படி: தரையில் 12 நிமிடம்

தண்ணீரில் இறங்கும் முன் இதைச் செய்ய வேண்டும், பயிற்சியானாலும் போட்டியானாலும். ஈரமான டைல்ஸில் ஓடாதீர்கள். பார்க்கிங் பக்கமோ மரத்தடியோ, உலர்ந்த இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட்டம் அல்லது ஸ்கிப்பிங். வியர்த்தால் சூடாகிவிட்டது என்று அர்த்தம் என்பார்கள், மே மாதத்தில் சும்மா நின்றாலே வியர்க்கும் ஊரில் அந்தக் கணக்கு செல்லாது. மூச்சைக் கவனியுங்கள். பேச முடிய வேண்டும், ஆனால் நீளமாகப் பேச முடியக் கூடாது. அந்த நிலை வந்தால் போதும்.

அப்புறம் தோள். ஒரு கையை மட்டும் முன்பக்கமாக 10 சுற்று, பின்பக்கமாக 10, மெதுவாகப் பெரிய வட்டமாக. அடுத்த கை. பிறகு இரண்டும் சேர்ந்து. கடைசியாக ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால் ஒரே நேரத்தில் சுழற்றிப் பாருங்கள், தூங்கி வழியும் மூளையும் எழுந்துகொள்ளும். அடுத்து இரண்டு கைகளையும் அகல விரித்து வீசி, திரும்பி வரும்போது உங்களை நீங்களே கட்டிக்கொள்வது போல உள்ளங்கை எதிர்த் தோளின் பின்புறத்தில் தட்ட வேண்டும், 15 முறை. எந்தச் சுழற்சியிலும் தோளுக்குள் குத்தல் வந்தால் வட்டத்தைச் சிறிதாக்குங்கள், வலியைத் தாண்டிச் சுழற்றாதீர்கள்.

உடம்பைத் திருப்புவது. காலை அகட்டி நின்று, இடுப்பு அதிகம் அசையாமல் மேலுடம்பு மட்டும், தயிர் கடையும் மத்து மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பக்கத்துக்குப் பத்து. ஃப்ரீஸ்டைலும் பேக்ஸ்ட்ரோக்கும் (மல்லாந்து நீந்துவது) இந்தச் சுழற்சியில்தான் நடக்கின்றன, தோள் சும்மா கூடவே வருகிறது. கழுத்தை வலம் இடமாக மெதுவாகத் திருப்பினால் போதும், முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

காலுக்கு: சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 10 வீச்சு, பக்கவாட்டில் 10. நீளமாக ஓர் எட்டு வைத்து முழங்காலை மடக்கி இறங்கி, முன்காலின் பக்கம் உடம்பைத் திருப்பி எழுவது, காலுக்கு 6. பிறகு தோப்புக்கரணம் பத்து. பிள்ளையாருக்குப் போடும் அதே தோப்புக்கரணம்தான், ஆனால் குதிகால் தரையில் ஊன்றியிருக்கட்டும். பிளாக்கிலிருந்து பாய்வதும் சுவரைத் தள்ளிக் கிளம்புவதும் இந்தத் தசைகளால்தான். கணுக்காலை வட்டமாகச் சுழற்றிவிட்டு, மண்டியிட்டுக் குதிகால் மேல் 10 வினாடி உட்காருங்கள், பாதம் பின்னால் நீண்டு படுக்கும். கிக் அடிக்கும்போது தண்ணீரைப் பின்னால் தள்ளுவது இந்த வளைவுதான்.

இனி வருவது பெரும்பாலானோர் விட்டுவிடும் பகுதி, தோள்பட்டை எலும்பை எழுப்புவது. தண்டால் எடுக்கும் நிலைக்குப் போய், முழங்கையை மடக்காமலேயே, மார்பை இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே கீழே தொங்கவிட்டு, பிறகு தரையைத் தள்ளி முதுகை மேலே ஏற்ற வேண்டும். அசைவு இரண்டு அங்குலம் இருந்தாலே பெரிது. 10 முறை. அடுத்து ரப்பர் பட்டையை ஒரு கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கைக்கு 12. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள், அது கீழே விழாமல் செய்தால் சரியாகச் செய்கிறீர்கள். பட்டை லேசானதாகவே இருக்கட்டும், இங்கே பலத்தைக் காட்டித் தோளைக் களைப்பாக்கி ஒரு பயனும் இல்லை.

கடைசியாக ஸ்ட்ரீம்லைன் துள்ளல் ஐந்து. கை மேல் கை வைத்து, மேற்கைகள் காதின் பின்னால் இறுக்கி, நேராக மேலே. முழுச் சக்தியோடு, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. இவ்வளவும் முடிய 12 நிமிடம் ஆகும். பழகிவிட்டால் பத்து.

மூன்றாம் படி: பயிற்சி நாளில் தண்ணீரில்

இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் பயிற்சி செய்பவருக்கு 800 மீட்டர் வார்ம்-அப் சரியான அளவு. 300 மீட்டர் ஃப்ரீஸ்டைலும் பேக்ஸ்ட்ரோக்கும் கலந்து, சோம்பேறித்தனமாக. பிறகு 50 மீட்டர் கிக் நாலு. 50 மீட்டர் நாலு, அதில் பாதி டிரில் (நீச்சலின் ஒரு பகுதியை மட்டும் தனியாகப் பழகுவது), பாதி முழு நீச்சல். கடைசியாக 25 மீட்டர் நாலு, மெதுவாகத் தொடங்கிச் சுவர் வரும்போது முழு வேகம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் பாதி போதும். முதல் நூறு மீட்டரை வேகமாக நீந்துகிறவர்கள் ஒவ்வொரு குளத்திலும் இருப்பார்கள், பக்கத்து லேனில் வருபவரை முந்தாமல் அவர்களால் இருக்க முடியாது. ஒன்றும் செய்ய முடியாது, வயது சொல்லிக்கொடுக்கும்.

வார்ம்-அப்பில் கையில் பேடில் (உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு) மாட்டாதீர்கள், ஆறிக் கிடக்கும் தோளுக்கு அது கூடுதல் சுமை. பட்டர்ஃப்ளையை முதல் 200 மீட்டருக்குள் தொடாதீர்கள். தோள் வலி உள்ளவர்கள் கிக் போர்டைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு கிக் அடிப்பதற்குப் பதில், மல்லாந்து படுத்து கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கலாம். இன்னொன்று: தண்ணீருக்கடியில் நீந்தும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுத் தயார் செய்துகொள்ளும் பழக்கம் சில பையன்களிடம் உண்டு. இது ஆபத்து. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், மூச்சு முட்டும் உணர்வே வராமல் தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்கள். வார்ம்-அப்பில் மட்டுமில்லை, எப்போதும் வேண்டாம்.

நான்காம் படி: போட்டி நாளில் தண்ணீரில்

சென்னையில் பெரிய போட்டிக்குப் போயிருக்கிறவர்களுக்கு வேளச்சேரி நீச்சல் வளாகம் தெரிந்திருக்கும், 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. எந்தக் குளமானாலும் வார்ம்-அப் நேரத்துக் காட்சி ஒன்றுதான். ஒரு லேனில் பதினைந்து பேர், மூக்குக்கு முன்னால் யாரோ ஒருவரின் பாதம். நிதானமாக நீந்த வேண்டும் என்றால் திறந்தவுடன் இறங்குங்கள், அல்லது கூட்டம் கலையும் கடைசி இருபது நிமிடத்தில் இறங்குங்கள். எப்போது இறங்குவது என்பதை உங்கள் பந்தயம் எத்தனையாவது என்பது தீர்மானிக்கட்டும். நிகழ்ச்சிப் பட்டியலில் பத்தாவது வருகிறவர் ஆறரைக்கே இறங்க வேண்டிய அவசியம் இல்லை (என்னிடம் அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்).

இறங்கும்போது கால் முதலில். வார்ம்-அப் லேனில் தலைகீழாகப் பாய்ந்தால் கீழே வருகிறவர் முதுகில் விழுவீர்கள். வலது ஓரமாகப் போய் வலது ஓரமாகத் திரும்ப வேண்டும், நிற்க வேண்டுமென்றால் சுவரின் மூலைக்கு ஒதுங்குங்கள். ஸ்டார்ட் பழக ஒதுக்கிய லேனில் மட்டும் பிளாக்கிலிருந்து பாயலாம், அது ஒருவழிப் பாதை, அந்தக் கோடியில் ஏறி நடந்து திரும்பி வாருங்கள்.

100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறவருக்கு நான் கொடுக்கும் அளவு இது. 300 மீட்டர் நிதானம். 50 மீட்டர் நாலு, பாதி டிரில் பாதி நீச்சல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 வினாடி ஓய்வு. 25 மீட்டர் நாலு, ஏறு வேகம். பிறகு பந்தய வேகத்தில் 50 மீட்டர் இரண்டு. 100 மீட்டரை ஒரு நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறவர் சுவரைத் தள்ளிக் கிளம்பி 50-ஐ 31 வினாடி பக்கத்தில் நீந்தினால் போதும், 29-இல் நீந்தி நண்பர்களுக்குக் காட்டினால் பந்தயத்தை வார்ம்-அப்பிலேயே செலவழித்துவிட்டீர்கள். அடுத்து ஸ்டார்ட் இரண்டு, 15 மீட்டர் வரை. கடைசியில் 200 மீட்டர் மெதுவாக. மொத்தம் 900, 1000 மீட்டர்.

கூடவே குளத்தையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் பின்பக்கத் தடுப்புப் பலகை நகர்கிறதா, உங்கள் கால் எந்த நிலையில் சரியாக உட்காருகிறது. சுவர் வழுக்குகிறதா. அடியில் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் ஒரு குறுக்குக் கோட்டோடு நிற்கும், உங்கள் ஃப்ளிப் டர்ன் (தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவது) அதிலிருந்து எங்கே தொடங்குகிறது. பேக்ஸ்ட்ரோக்குக்கான கொடித் தோரணம் எந்தக் குளத்திலும் சுவரிலிருந்து 5 மீட்டர்தான், ஆனாலும் தோரணத்திலிருந்து சுவர் வரை எத்தனை வீச்சு என்று வேகமாக நீந்தி எண்ணிவிடுங்கள், மெதுவாக எண்ணிய எண்ணிக்கை பந்தயத்தில் மண்டையை இடிக்கும். கூரையுள்ள குளத்தில் பழகிவிட்டுத் திறந்தவெளிக்கு வருகிற பேக்ஸ்ட்ரோக் பிள்ளைகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஒரு கோடும் இருக்காது, லேன் கயிற்றில் போய்ச் சொருகிக்கொள்வார்கள். அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே மல்லாந்து நீந்திப் பார்க்கட்டும்.

ஐந்தாம் படி: ஏறியதிலிருந்து பிளாக் வரை

இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகிறது. 2013-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளியானது, சின்ன ஆய்வுதான், எட்டே நீச்சல்காரர்கள். வார்ம்-அப் முடித்து 20 நிமிடத்தில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தியபோது, 45 நிமிடம் காத்திருந்து நீந்தியதைவிட ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் வேகமாக முடித்தார்கள். இரண்டு நிமிடப் பந்தயத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு வினாடி. இரண்டு வினாடிக்காக ஒரு வருஷம் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் காத்திருப்பு 45 நிமிடத்தில் முடிந்தால் அதிர்ஷ்டம்.

ஏறியவுடன் துடைத்துக்கொள்ளுங்கள், தலைமுடியையும் சேர்த்து. ஈரமான டிரங்க்ஸையோ காஸ்ட்யூமையோ மாற்றிவிடுங்கள். டி-ஷர்ட், டிராக் பேன்ட், ஜாக்கெட், சாக்ஸ், செருப்பு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் காதில் ஹெட்ஃபோனும் முழங்கால் வரை தொங்கும் கோட்டுமாக நடந்து வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அது பந்தாவுக்காக இல்லை, தசைச் சூட்டைப் பூட்டி வைக்கிற வேலை. ஏ.சி. போட்ட உள்ளரங்கக் குளத்தில் இது கட்டாயம். மாறாக, 36 டிகிரி வெயிலில் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்தால் உடம்பு சோர்ந்துவிடும். அப்போது நிழல், உலர்ந்த துணி, தண்ணீர், அவ்வளவு போதும். குளிர் எதிரி என்பது போலவே வெயிலும் எதிரி.

உங்கள் பந்தயம் எப்போது வரும் என்று நீங்களே கணக்குப் போட வேண்டும், மைக்கில் சொல்வதை நம்பிப் பிரயோஜனமில்லை. 100 மீட்டரில் ஒரு ஹீட்டுக்கு (ஒரே நேரத்தில் சேர்ந்து நீந்தும் ஒரு குழு) இரண்டு, இரண்டரை நிமிடம் பிடிக்கும் என்று வையுங்கள், உங்களுக்கு முன்னால் எட்டு ஹீட் இருந்தால் சுமார் இருபது நிமிடம். முதல் இரண்டு, மூன்று ஹீட்டைக் கடிகாரத்தில் பார்த்தால் அன்றைய வேகம் தெரிந்துவிடும்.

பந்தயத்துக்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டாவது வார்ம்-அப். தனிக் குளம் இருந்தால் 200 மீட்டர் மெதுவாக, 25 மீட்டர் இரண்டு வேகமாக, உடனே ஏறித் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டிங்குக்கு (பந்தயத்துக்கு முன் பெயர் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைக்கும் இடம்) போய்விடலாம். பெரிய போட்டிகளில் 20 நிமிடம் முன்பே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். தனிக் குளம் இல்லையென்றால், நம் ஊரில் பெரும்பாலும் இல்லை, தரைப் பயிற்சியின் சுருக்கம்: ஒரு நிமிடம் ஓட்டம், கைச் சுழற்சி, கட்டிக்கொள்ளும் வீச்சு, தோப்புக்கரணம் எட்டு, ஸ்ட்ரீம்லைன் துள்ளல் ஐந்து, ரப்பர் பட்டை கொஞ்சம். ஆறு, ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இறுக்கமான போட்டி உடையை மாட்டவே 15, 20 நிமிடம் ஆகும், மூச்சு வாங்கும், கைவிரல் வலிக்கும். அதனால் அதை இரண்டாவது வார்ம்-அப்புக்கு முன்பே மாட்டிவிடுங்கள்.

ரிப்போர்ட்டிங் நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்த பிறகு பிள்ளைகள் சிலைபோல ஆகிவிடுகிறார்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தட்டிக்கொண்டிருங்கள், தோளை உருட்டுங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். ஜாக்கெட்டை லேனுக்குப் பின்னால் போய்த்தான் கழற்ற வேண்டும். அங்கே தொடையிலும் தோளிலும் உள்ளங்கையால் படபடவென்று தட்டிக்கொள்ளலாம், ஃபெல்ப்ஸ் பிளாக்கில் குனிந்து நின்று இரண்டு கையையும் வீசி முதுகில் சத்தம் வர அறைந்துகொள்வாரே, அந்த மாதிரி. அவர் தோள் அவருக்கு வளைந்துகொடுக்கும், நம் பிள்ளைகள் அவ்வளவு வேகமாக வீச வேண்டாம். சின்ன விசில்கள் ஊதும்போது கண்ணாடியை ஒருமுறை அழுத்திக்கொள்ளுங்கள். நீள விசிலுக்கு மேலே ஏறுங்கள். "டேக் யுவர் மார்க்ஸ்."

எந்தப் பந்தயத்துக்கு எது மாறும்

50 மீட்டர் நீந்துகிறவருக்குத் தூரம் குறைவு, ஆனால் வார்ம்-அப் குறையக் கூடாது. துள்ளலும் ஸ்டார்ட்டும் அதிகம் வேண்டும், மெதுவான நீச்சல் கொஞ்சம் குறையலாம். 1500 மீட்டருக்கு 600, 800 மீட்டர் போதும், முதல் இருநூறே மிச்ச வார்ம்-அப் மாதிரிதான், பந்தய வேகத்தில் சில 50-களை நீந்திக் கடிகாரத்தை உடம்பில் பதித்துக்கொண்டால் சரி. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்காரர்கள் தரையிலேயே தொடையின் உட்பக்கத்துக்கும் முழங்காலுக்கும் தனியாக நேரம் கொடுக்க வேண்டும்: பக்கவாட்டு எட்டு வைத்து இறங்குவது காலுக்கு எட்டு, முழங்காலை இடுப்பளவு தூக்கி வெளிப்பக்கம் வட்டமடிப்பது எட்டு. எடுத்தவுடனே முழு பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக் அடித்தால் முழங்காலின் உட்பக்கம் கேள்வி கேட்கும்.

நாற்பது தாண்டியவர்கள் எல்லாவற்றிலும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போட்டியில் சேருங்கள், எடுத்த எடுப்பில் முழு வேகம் இதயத்துக்கு நல்லதில்லை.

கடலில் நீந்துவது வேறு உலகம். 1994-இல் 12 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார் சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன். கோடையிலும் 15, 18 டிகிரிதான் இருக்கும் அந்தத் தண்ணீருக்குக் குளத்து வார்ம்-அப் பொருந்தாது. குளிர்ந்த நீரில் முன்கூட்டியே ஊறினால் சூடு போய்விடும் என்பதால் தரையிலேயே முழு வார்ம்-அப், பிறகு முகத்திலும் கழுத்திலும் தண்ணீரை அள்ளித் தெளித்து மூச்சைப் பழக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

தண்ணீரே கொடுக்கவில்லை என்றால்

பள்ளி மண்டலப் போட்டிகளில் இருநூறு பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் குளத்தைத் திறப்பார்கள், சில நேரம் அதுவும் இல்லை. கவலைப்படாதீர்கள். தரைப் பயிற்சியை 20 நிமிடமாக நீட்டி, நடுவில் வேகமான ஓட்டம் நாலைந்து சேருங்கள். ரப்பர் பட்டையைக் கம்பியில் கட்டி, குனிந்து நின்று நீந்துவது போல இரு கைகளாலும் இழுப்பது 20 வீச்சு மூன்று தடவை. பத்து நிமிடம் தண்ணீர் கிடைத்தால் அதை இப்படிச் செலவிடுங்கள்: 100 மீட்டர் மெதுவாக, 25 மீட்டர் இரண்டு வேகமாக, ஒரு டர்ன், முடிந்தால் ஒரு ஸ்டார்ட். தண்ணீரின் பிடிப்பு கைக்குத் தெரிந்துவிட்டால் போதும், சூட்டைத் தரையில் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு பந்தயத்துக்கு நடுவில், அப்புறம் எல்லாம் முடிந்த பிறகு

சுவரைத் தொட்டதும் ஏறி அப்பா அம்மாவிடம் ஓடாமல், இடமிருந்தால் 200 முதல் 400 மீட்டர் மெதுவாக நீந்துங்கள். தசையில் சேர்ந்த லாக்டேட் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அசைந்தால் சீக்கிரம் வெளியேறும். இடமில்லையா, பத்து நிமிடம் நடங்கள். அடுத்த பந்தயம் 40 நிமிடத்துக்குள் என்றால் புதிதாக முழு வார்ம்-அப் தேவையில்லை, இந்த மெதுநீச்சல், உலர்ந்த துணி, சில துள்ளல் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஐந்தாம் படியை முதலிலிருந்து.

நாள் முடிந்ததும் நீட்டிப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்குக்கு நேரம். ஒவ்வொன்றும் 30 வினாடி, இரண்டு முறை. கதவு நிலையில் முன்கையை ஊன்றி ஓர் அடி முன்னால் வைத்தால் மார்புத் தசை நீளும், கூன் விழுந்த நீச்சல்காரர்களுக்கு மிகவும் தேவை. மண்டியிட்டு, கைகளை முன்னால் பாயில் நீட்டிப் பின்னால் அமர்ந்தால் அக்குளிலிருந்து இடுப்பு வரை இழுக்கும். ஒரு காலை மண்டியிட்டு இடுப்பை முன்னால் தள்ளினால் தொடையின் முன்பக்கம். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால். கடைசியாகக் குதிகால் மேல் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். தோள் வலி இந்த ஓய்வுக்கும் அடங்காமல் இரண்டு, மூன்று நாள் நீடித்தாலோ, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் எழுப்பினாலோ, ஸ்ட்ரெச் பண்ணிச் சரிசெய்யப் பார்க்காமல் பிசியோவிடம் போங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் பயிற்சிப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் நான் எழுதச் சொல்வது மூன்றே எண்: தண்ணீரை விட்டு ஏறிய மணி, பிளாக்கில் ஏறிய மணி, போட்ட நேரம். நாலைந்து போட்டி ஆனதும் முதல் இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் இருந்தபோது மூன்றாவது நன்றாக வந்தது என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துவிடுகிறது. போன மாதம் ஒரு பன்னிரண்டு வயதுக்காரி தன் நோட்டைத் திறந்து காட்டி, "அண்ணா, எனக்கு பதினெட்டு நிமிஷம்" என்றாள். அடுத்த போட்டியில் அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, சாக்ஸைப் போட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப இல்லம்மா" என்று துள்ளப் போய்விட்டாள்.